முன்பாரம், பின்பாரம், நிறுத்தும் தூரம்

ஹைதராபாத்தின் தென்கிழக்கில், சந்திராயன்குட்டாவையும் சந்தோஷ் நகரையும் ஒட்டிக் கிடக்கிறது காஞ்சன்பாக். ஏவுகணைகளை வடிவமைக்கும் டி.ஆர்.டி.எல்., அவற்றுக்கான உலோகங்களை ஆராயும் டி.எம்.ஆர்.எல்., 1970இல் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ், 1973இல் தொடங்கிய மிதானி ஆகிய எல்லாம் இந்த ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. 1982இல் அப்துல் கலாம் டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்து சேர்ந்ததும் இங்கேதான். காஞ்சன்பாக் என்றதும் வானில் சீறும் அக்னியும் பிரித்வியும் ஆகாஷும் நினைவுக்கு வருகின்றன. பறப்பதற்கு முன் அவை ஒவ்வொன்றும் தார்ச்சாலையில் போயாக வேண்டும் என்பதை நாம் நினைப்பதில்லை. பல டன் பாரத்தை ஒரு வண்டியின் பின்னால் கோத்து, மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி, வேண்டிய இடத்தில் நிறுத்துவது தனிப் பொறியியல். அந்தப் பொறியியல் இங்கே முற்றியிருக்கிறது. சாதாரணச் சாலைக்கு மட்டும் வந்து சேரவில்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

1970களில் டி.ஆர்.டி.எல். 'டெவில்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்தியது. சோவியத் ஒன்றியத்திடம் வாங்கியிருந்த எஸ்-75 வான்காப்பு ஏவுகணையைப் பாகம் பாகமாகப் படித்து, அதைப் போலவே இங்கே செய்து பார்ப்பது நோக்கம். பத்தரை மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு டன்னுக்கு மேல் எடை. சோவியத் வடிவமைப்பில் இந்த ஏவுகணையைச் சுமந்தது ஓர் அரை டிரெய்லர்; அதை இழுத்தது ஜில்-157 வகை லாரி. அந்த லாரியின் பெட்ரோல் எஞ்சின் தந்தது சுமார் 110 குதிரைத்திறன்.

இந்த எண்ணை இன்றைய ஒரு வண்டியோடு வைத்துப் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் 2016இல் திறக்கப்பட்ட ஆலையிலிருந்து வரும் இசுசு வி-கிராஸ் நடுத்தரப் பிக்கப் வகையைச் சேர்ந்தது. அதன் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் 163 குதிரைத்திறன் தருகிறது. பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் 204 தருகிறது. காகிதத்தில் பார்த்தால் ஏவுகணை இழுத்த லாரியைவிட இந்தப் பிக்கப்புகளுக்கு வலு அதிகம். அப்படியானால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு பிக்கப்பின் பின்னால், எதையும் மாற்றாமல், கொக்கி மட்டும் பொருத்தி மூன்றரை டன் டிரெய்லரைக் கட்டி இழுத்துவிடலாமா? படகு, குதிரைப் பெட்டி, ஜெனரேட்டர், நடமாடும் வீடு என்று இழுக்க வேண்டியவை நம் ஊரில் பெருகிவரும் காலத்தில் இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். பதிலும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது: 'வண்டி இழுக்குது, பாத்தாச்சு.'

இழுக்கும் என்பது உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிக்கப் 2 டன், டிரெய்லர் 3.5 டன், ஆக 5.5 டன். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக, ஏற்றம், டயர் உருளும் தடை, காற்றுத் தடை மூன்றும் சேர்ந்து சக்கரத்தில் கேட்பது சுமார் 85 குதிரைத்திறன். வழியில் கியரும் அச்சும் தின்பதைச் சேர்த்தாலும் நூறைத் தாண்டாது. எஞ்சினிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. எனவே 'இழுக்குமா' என்ற சோதனையில் எந்தப் பிக்கப்பும் பெரும்பாலும் தேறிவிடும். தேறியதைக் கண்ட ஓட்டுநர் மற்ற சோதனைகளை மறந்துவிடுவதுதான் ஆபத்து.

ஜில் லாரி வெறும் வண்டியாகவே ஐந்தரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. ஆறு சக்கரங்களும் ஓட்டும் சக்கரங்கள். டிரெய்லருக்கும் பிரேக் அழுத்தம் அனுப்பும் காற்றுக் குழாய் அதற்கு உண்டு. எஞ்சினின் குதிரைத்திறன் குறைவாக இருந்தும் அதனால் இழுக்க முடிந்தது என்பதைவிட, இழுத்ததை அதனால் பிடித்து நிறுத்த முடிந்தது என்பதே முக்கியம். இரண்டு டன் பிக்கப்பின் நிலை வேறு. அது நல்ல சாலையில் தனியாகப் போகும்போது, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்தபின் சுமார் 31 மீட்டரில் நிற்கும் என்று கொள்வோம். பிரேக் இல்லாத 3.5 டன் டிரெய்லர் பின்னால் இருந்தால், அதே டயர்கள் அதே உராய்வைக் கொண்டு 5.5 டன்னை நிறுத்தியாக வேண்டும். தூரம் 85 மீட்டரை எட்டிவிடும். ஓட்டுநர் சுதாரித்துக் காலை வைக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. இது நேர்ச்சாலைக் கணக்கு. வளைவில் பிரேக் பிடித்தால், பின்னாலிருந்து தள்ளும் மூன்றரை டன் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கி, இரண்டையும் கத்தரிக்கோல் மடிவதுபோல் மடக்கிவிடும்.

இறக்கம் இன்னும் கடுமையானது. காஞ்சன்பாக்கிலிருந்து சற்றுத் தெற்கே போனால் பஹாடி ஷரீப் வழியாக ஸ்ரீசைலம் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். நல்லமலைக் காட்டைத் தாண்டி, கிருஷ்ணைப் பள்ளத்தாக்கை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் சாலை அது. ஏதோ ஒரு மலைச்சாலையில் மொத்தம் 500 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், 5.5 டன் வண்டித்தொடர் இழக்கும் ஆற்றல் சுமார் 27 மெகாஜூல், அதாவது ஏழரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டயரும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். சின்ன கியரில் போட்டால் எஞ்சின் ஒரு பங்கைப் பிடிக்கும். மீதி முழுவதும் சில நிமிடங்களில் பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகிறது. 1.9 லிட்டர் எஞ்சின் பிடிக்கும் பங்கு சிறியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏறும்போது டர்போ தந்த வலு, இறங்கும்போது துணைக்கு வராது. சூடேறிய பிரேக் பிடிக்காது என்பதை நம் ஊர் லாரி ஓட்டுநருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைதராபாத்தையும் சேலத்தையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாய், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகளால் எத்தனை உயிர்களை வாங்கியிருக்கிறது என்பதைத் தமிழ்நாடு அறியும். அந்த லாரிகளுக்காவது ஒவ்வோர் அச்சிலும் பிரேக் உண்டு.

அடுத்தது பாரம் உட்காரும் இடம். பார வண்டி ஓட்டியவர்களுக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும். மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் பின்பாரம். நுகம் மேலெழும்பி, மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி அடுக்குவதுதான் நல்ல வண்டிக்காரரின் கணக்கு. டிரெய்லருக்கும் விதி இதுவே. பந்துக் கொக்கியின்மேல் டிரெய்லர் அழுத்தும் எடை அதன் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். 3.5 டன் டிரெய்லருக்கு இந்த முன்பாரம் குறைந்தது 350 கிலோ.

அந்த 350 கிலோ, பிக்கப்பின் பின்அச்சில் 350 கிலோவாக உட்காருவதில்லை. கொக்கி பின்அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் வேலை செய்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.1 மீட்டர், பின்அச்சிலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டர் என்று கொண்டால், பின்அச்சில் ஏறுவது சுமார் 485 கிலோ. முன்அச்சிலிருந்து 135 கிலோ குறைகிறது. திசை திருப்புவது முன்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன்சக்கரம். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதன் பிடிமானத்தை நாமே எடுத்துவிடுகிறோம். பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பது இதன் வெளி அடையாளம். இதைச் சரிசெய்யப் பட்டறையில் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை வைத்துத் தருவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். அச்சின் பேரிங், பிரேக், டயர், சட்டம் ஆகியவற்றின் எல்லை எள்ளளவும் உயர்ந்திருக்காது. எல்லையைத் தாண்டியதைக் காட்டிய அடையாளம் மட்டும் மறைந்திருக்கும்.

முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் தப்பிக்கலாமா என்றால், அதற்கு வேறு தண்டனை உண்டு. பின்பாரமான டிரெய்லர் கொக்கியைச் சுற்றி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம் தானே அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்க எடுக்கும் நேரம் நீளும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே அது அடங்கவே அடங்காது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடும். அந்த வேகம் எது என்பதைத் தீர்மானிப்பவை டிரெய்லரில் பாரம் பரவிய விதம், முன்பாரத்தின் அளவு, இழுக்கும் வண்டியின் எடை, டயர்க் காற்று. பாரத்தை இரு கோடிகளில் வைத்தால் ஆட்டம் எளிதில் தொடங்கும். அச்சின்மேல் திரட்டி வைத்தால் அடங்கும். நேற்று எண்பதில் ஒழுங்காக வந்த டிரெய்லர், இன்று பொருள்களை இடம் மாற்றி அடுக்கியதால் எழுபதிலேயே ஆடக்கூடும். ஆட்டம் தொடங்கியபின் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பது ஆட்டத்தை வளர்க்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையக் காத்திருப்பதே வழி. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம்.

இவ்வளவையும் கணக்கில் எடுத்துத்தான் வெளிநாடுகளில் ஒரு பிக்கப்பின் இழுவைத் திறனை எண்ணாக எழுதுகிறார்கள். அந்த எண்ணும் ஒரு காலத்தில் நம்பத் தகுந்ததாக இருக்கவில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிப்படி அளந்து, போட்டியாளரைவிட நூறு ராத்தல் கூட்டி விளம்பரம் செய்துகொண்டிருந்தது. 2008இல் வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807 என்ற பொது முறையை வெளியிட்டது. டொயோட்டா முதலில் ஏற்றது. பெரிய கம்பெனிகள் முழுவதுமாக வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சோதனையின் மையம் அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 18 கிலோமீட்டர் ஏற்றம். வெளியே வெப்பம் 38 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏ.சி. முழு வீச்சில் ஓட வேண்டும். பாரத்தோடு மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் உச்சியை அடைய வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவில் நின்ற நிலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கியும், அதேபோலப் பின்னோக்கியும் கிளப்பியாக வேண்டும். நிறுத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் தனிச் சோதனைகள் உண்டு. அமெரிக்கர்கள் பாலைவனத்தைத் தேடிப்போய்ப் பெறும் அந்த 38 டிகிரி, ஹைதராபாத்தில் ஏப்ரல் மாதத்துப் பகல். கிளட்ச் மிதித்து மிதித்து நகரும் நம் நெரிசலில், சரிவு அவ்வளவு இல்லாவிட்டாலும், ஏற்றத்தில் நின்று நின்று கிளப்பும் சோதனை மேம்பாலம்தோறும் நடக்கிறது.

வி-கிராஸின் வெளிநாட்டு வடிவமான இசுசு டி-மேக்ஸ் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 3.5 டன் இழுக்கலாம் என்ற அறிவிப்போடு விற்கிறது. இந்த எண்ணைப் பார்த்துத்தான் இங்கே பலர் துணிகிறார்கள். அதே அறிவிப்பில் உள்ள மற்ற இரண்டு எண்களை அவர்கள் பார்ப்பதில்லை. டிரெய்லருக்குப் பிரேக் இல்லாவிட்டால் அனுமதி 750 கிலோ மட்டுமே. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு எல்லை சுமார் 6 டன். 3.5 டன் டிரெய்லர் கட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது இரண்டரை டன். வண்டியின் சொந்த எடை இரண்டு டன்னைத் தாண்டும். டீசல், ஐந்து பேர், சாமான் என்று ஏற்றினால் முடிந்துவிட்டது. பிரிட்டனில் நடமாடும் வீடு இழுப்பவர்களின் சங்கங்கள், புதியவர்கள் இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் டிரெய்லர் எடை போகக்கூடாது என்று அறிவுறுத்துகின்றன. நம் பிக்கப்புக்கு அது சுமார் 1.7 டன், விளம்பர எண்ணில் ஏறக்குறைய பாதி. அனுபவத்தில் விளைந்த இந்த அறிவுரையைத்தான் நான் நம்புவேன்.

காஞ்சன்பாக் இந்தச் சிக்கலை எப்படிக் கையாள்கிறது என்பதை அதன் ஏவுகணைகளை வரிசையாகப் பார்த்தால் புரியும். 1988 பிப்ரவரியில் முதலில் பறந்த பிரித்வி சுமார் நாலரை டன். அதை இழுக்கவில்லை, எட்டுச் சக்கர டாட்ரா லாரியின் முதுகிலேயே ஏற்றினார்கள். பாரம் அச்சுகளுக்கு நடுவே இருக்கும்போது நெம்புகோலும் இல்லை, ஆட்டமும் இல்லை. பாரத் டைனமிக்ஸ் தயாரிக்கும் ஆகாஷ் ஒவ்வொன்றும் 720 கிலோ, ஏவுமேடைக்கு மூன்று. விமானப்படைக்கான ஏவுமேடை லாரி இழுக்கும் டிரெய்லராக அமைந்தது. நிறுத்திவிட்டு லாரியைக் கழற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. 2015 ஜனவரி 31 அன்று உறையிலிருந்து முதல்முறை ஏவப்பட்ட அக்னி-5 சுமார் 50 டன் எடை, 17.5 மீட்டர் நீளம். அதைச் சுமந்து நிமிர்த்தும் டிரெய்லர் ஏழு அச்சுகளும் 30 மீட்டர் நீளமும் கொண்டது, இழுப்பது மூன்று அச்சு டிராக்டர் லாரி என்று பத்திரிகைகள் எழுதின.

இவற்றில் எதிலும் கையில் கிடைத்த ஒரு வண்டியைக் கொண்டுவந்து, இது எவ்வளவு தாங்கும் என்று கட்டிப் பார்க்கவில்லை. இழுப்பதும் இழுபடுவதும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைக்கப்பட்டன. பாரம் பல அச்சுகளுக்கிடையே பிரிக்கப்பட்டது. கனரக டிரெய்லர்களில் ஒவ்வோர் அச்சுக்கும் ஏர் பிரேக் உண்டு. குழாய் அறுந்தால் டிரெய்லரின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பிக்கப்பில் இருப்பது எண்ணெய் பிரேக். ஏர் பிரேக் டிரெய்லருக்கு அனுப்ப அதனிடம் காற்றே கிடையாது. எனவே கொக்கி பொருந்தினாலும் பிரேக் பொருந்தாது. பிக்கப்புக்கு ஏற்றவை இரண்டு வகை. ஒன்று, முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முட்டித் தள்ளும் விசையைக் கொண்டே கம்பி இழுத்துப் பிடிக்கும் இனர்ஷியா பிரேக். மற்றொன்று, மின்சாரத்தில் பிடிக்கும் பிரேக். ஐரோப்பிய விதிகளில் 750 கிலோ வரை பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 3.5 டன் வரை இனர்ஷியா பிரேக் போதும். அதையும் தாண்டினால் ஓட்டுநரின் காலுக்குக் கட்டுப்படும் தொடர் பிரேக் வேண்டும்.

நம் நாட்டு வகைப்பாட்டிலும் இதே எல்லைக்கோடுகள் இருக்கின்றன. டி1 என்பது 0.75 டன் வரை, டி2 என்பது 3.5 டன் வரை, டி3 என்பது 10 டன் வரை, அதற்கு மேல் டி4. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. ஆக, சட்டத்தில் வகை இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. பிக்கப் வாங்குபவருக்குத் தேவையான ஒரே எண், இந்த வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பது, நம் ஊர் விளம்பர ஏட்டில் காணக் கிடைப்பது அரிது. பெரிய டிராக்டர் லாரிக்குச் சேர்ந்த மொத்த எடை எழுதப்பட்டிருக்கிறது. பிக்கப்புக்கு அந்த இடம் காலி. காலியான இடத்தை வெளிநாட்டு எண்ணைக் கொண்டும் பட்டறைக்காரரின் வாய்ச்சொல்லைக் கொண்டும் மக்கள் நிரப்பிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கும் டயரும் குளிர்விப்பானும் நாட்டுக்கு நாடு மாறக்கூடியவை. அங்கே அளந்த எண் இங்கே செல்லும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஓட்டுநர் பயிற்சியிலும் இதே வெற்றிடம். இலகுரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. வாழ்வாதாரம் சார்ந்த தீர்ப்பு அது. அதில் எனக்கு மறுப்பில்லை. டிரெய்லரைக் கட்டிப் பின்னோக்கி ஓட்டுவது எப்படி, ஆட்டம் தொடங்கினால் என்ன செய்வது என்பதைச் சோதிக்கும் படி ஒன்று இந்த உரிமத்துக்குமேல் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் கனமான டிரெய்லருக்கு 'பிஇ' என்ற தனி வகுப்பே இருக்கிறது.

அதுவரை பிக்கப் வைத்திருப்பவர் தானே செய்துகொள்ளக்கூடிய ஒன்று உண்டு. நெடுஞ்சாலை ஓரங்களில் இருக்கும் எடை மேடைக்கு, எல்லாம் ஏற்றிய நிலையில் போக வேண்டும். முதலில் வண்டியும் டிரெய்லரும் மொத்தமாக. அடுத்து, கொக்கியைக் கழற்றாமல் பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடையில். மூன்றாவது, பின்அச்சு மட்டும். நான்காவது, கொக்கியைக் கழற்றாமல் டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும். கடைசியாக, கழற்றிய டிரெய்லர் தன் முன்காலோடு முழுவதுமாக மேடையில். கடைசி எண்ணிலிருந்து நான்காவது எண்ணைக் கழித்தால் வருவது முன்பாரம். அது டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பாரத்தை முன்னுக்கு நகர்த்தி அடுக்க வேண்டும். பின்அச்சு எண்ணை வண்டியின் தகட்டில் பொறித்த அச்சு எல்லையோடும், பின் டயர்கள் இரண்டிலும் எழுதிய தாங்குதிறனின் கூட்டுத்தொகையோடும் ஒப்பிட வேண்டும். எதைத் தாண்டினாலும் சாமான் இறங்க வேண்டும். டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் இல்லாமல் அதைக் கட்டவே கூடாது. மொத்த எடையை ஒப்பிடத் தகட்டில் எண் இருக்காது. அந்த எண்ணை, இந்திய வண்டிக்கு, இந்தியச் சாலைக்கு என்று குறிப்பிட்டு, தயாரித்த கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.